அவ்வளவுதானா?

2024 ஆகஸ்டு 23-ம் தேதி ஒரே நாளில் வெளிவந்த இரண்டு தமிழ்ப் படங்களைப் பார்த்தேன். மாரி செல்வராஜின் 'வாழை' என்னை அழ வைத்தது. பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' அழ வைக்கவில்லை. ஆனால் தூங்கவும் விடவில்லை.

'வாழை'யில் பள்ளிக்கூடத்துப் பையன் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கிறான். டைரக்டர் தாம் இளமையில் பட்டதைச் சொல்கிறார். அதில் பொய் இல்லை. சாவு விழுந்த வீட்டில் பசி தாளாமல் அந்தப் பையன் சோற்றைத் தேடுகிறானே, அதைவிடப் பெரிய சோகம் உண்டா? ஆனால் சங்கீதம் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. "அழு, அழு" என்று நம் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. வேறு ஜாதிக்காரனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்ததென்று முடிவுகட்டி, உறவினர்கள் அவளை ஆட்டோவில் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். வண்டி இரைச்சலும், தொண்டை கட்டிய முறைமாப்பிள்ளையின் அதட்டலும்தான் காதில் விழுகின்றன. அவள் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சாமியாடியிடம் வேறொரு பெண் படும் பாட்டை அவன் பார்க்கிறான். அப்புறம் என்ன செய்தான்? டைரக்டர் சொல்லவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் பக்கத்து ஆசனக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்விக்குப் பயந்துதானே என் கதைகளின் கடைசிப் பாராவில் எல்லாவற்றையும் விளக்கித் தொலைக்கிறேன்! வாசகரை நம்பாதவன் நான். வினோத்ராஜ் நம்பியிருக்கிறார்.