துன்பத்துக்குக் காரணம் கேட்ட இறையியல்

யூத மரபின் அடிப்படை நூலான பாபிலோனியத் தல்மூத்தின் 'பெராகோத்' பகுதியில் ஐந்தாம் தாளின் ஒரு பக்கத்தில் கொள்கை இருக்கிறது. துன்பம் வந்தால் ஒருவன் தன் நடத்தையைச் சோதிக்க வேண்டும்; தோரா கற்பதில் குறை வைத்தோமா என்றும் பார்க்க வேண்டும்; எதுவும் தென்படாவிட்டால் அதைக் கடவுள் அன்பினால் தந்த துன்பமாகக் கொள்ளலாம். தாளின் மறுபக்கத்தில் ஒரு நோயாளியின் அறை. இருட்டில் படுத்திருக்கும் ரபீ எலாசார் அழுகிறார். பார்க்க வந்த ரபீ யோகனான் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பத்தாவது பிள்ளையின் எலும்பைக் கையோடு வைத்திருப்பவர். இந்தத் துன்பம் உமக்குப் பிரியமானதா என்று கேட்கிறார். துன்பமும் வேண்டாம், அதற்கான வெகுமதியும் வேண்டாம் என்கிறார் எலாசார். யோகனான் விவாதிக்கவில்லை. கையைக் கொடுத்து அவரை எழுப்புகிறார்.

யூத, கிறிஸ்தவ இறையியல் தீமையைப் பற்றி எழுதிக் குவித்தவை எல்லாம் இந்த ஒரு தாளின் இரண்டு பக்கங்களுக்கு நடுவேதான் அலைகின்றன என்பது என் எண்ணம். விவிலியத்தில் குற்றமின்றித் துன்புறும் யோபுவின் நண்பர்கள் முதல் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கதையின் முடிவில் கடவுளே அவர்களைக் கடிந்துகொண்டு, முறையிட்ட யோபுவின் பக்கம் பேசுகிறார். ஆயினும் இரண்டு மரபுகளிலும் நெடுங்காலம் ஓங்கி ஒலித்தது நண்பர்களின் குரல்தான். தீமைக்குத் தனி இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவு மட்டுமே என்றார் அகஸ்டின்; ஆதாமின் பாவத்தோடு சாவையும் இணைத்தார். யூத மரபு பிறவிப் பாவத்தை ஏற்கவில்லை. ஆனால் ஆலயம் இடிந்ததற்கும் மக்கள் சிதறியதற்கும் 'எங்கள் பாவங்களே காரணம்' என்ற விளக்கத்தை அதுவும் வழிபாட்டிலேயே ஏற்றி வைத்தது.

இந்த விளக்கம் உடைந்த இடத்தை ஒரு கையெழுத்துப் பிரதியில் கண்ணாலேயே பார்க்கலாம். வார்சாவிலும், பின்னர் நாஜிகள் அங்கே யூதர்களை அடைத்த கெட்டோவிலும், ரபீ கலோனிமுஸ் கால்மன் ஷாபிரா 1939 முதல் 1942 வரை வாரந்தோறும் பிரசங்கம் செய்து எழுதி வைத்தார். போரின் முதல் மாதத்திலேயே மகனையும் மருமகளையும் குண்டுவீச்சில் இழந்தவர். இதைவிடப் பெரிய துன்பங்களையும் நம் முன்னோர் தாங்கினார்கள் என்று 1941 இறுதியில் சபையைத் தேற்றினார். ஓராண்டு கழித்து, வார்சா யூதர்களில் பெரும்பாலோர் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் கொல்லப்பட்ட பின், அதே பிரசங்கத்தோடு ஒரு குறிப்பைச் சேர்த்தார். முந்தைய துன்பங்களோடு ஒப்பிட்டது 1942-இன் நடுப்பகுதி வரைக்கும்தான் பொருந்தும், அதன் பிறகு நடந்ததற்கு முன்னுதாரணமே இல்லை என்பது அதன் சாரம். தாள்கள் பால்கேனில் வைத்துப் புதைக்கப்பட்டு, 1950-இல் தோண்டி எடுக்கப்பட்டன. ஷாபிராவை நாஜிகள் 1943 நவம்பரில் கொன்றுவிட்டார்கள். விசுவாசம் தளராத ஒருவர் தன் ஆறுதல் மொழியைத் தானே திருத்திய அந்தக் குறிப்பைவிட நேர்மையான இறையியல் வரியை நான் படித்ததில்லை.

போருக்குப் பின் வந்த யூதச் சிந்தனையாளர்கள் ஒரே பாதையில் போகவில்லை. வரலாற்றை நடத்தும் கடவுளை இனி நம்ப இயலாது என்று 1966-இல் ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன் எழுதினார். மனித சுதந்திரத்துக்காகக் கடவுள் முகத்தை மறைத்துக்கொள்கிறார் என்றார் எலியேசர் பெர்கோவிட்ஸ். என் பார்வையில் இவர்களையெல்லாம் தாண்டி நிற்பவர் இர்விங் கிரீன்பர்க். எரிக்கப்படும் குழந்தைகளின் முன்னால் சொல்லக் கூசுகிற எதையும் இறையியலாகச் சொல்லாதே என்று 1974-இல் நியூயார்க்கின் பேராலயம் ஒன்றில் அவர் அளவுகோல் வைத்தார். கேட்டவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.

கிறிஸ்தவர்கள் தரப்பில் அந்த அளவுகோலுக்கு ஓரளவு ஈடுகொடுத்தவர்கள் ஜெர்மானியர்கள். 1943-இல் ஹாம்பர்க் குண்டுவீச்சில் பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனதைப் பார்த்த சிறுவன் யூர்கன் மோல்ட்மன். அவர் 1972-இல் எழுதிய 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற நூல், துன்பம் தொடாத கடவுள் என்ற பழைய கருத்தை முறித்துப்போட்டது. பெரிய சாதனைதான். ஆனால் எலி வீசல் எழுதிய, நாஜி முகாமில் தூக்கிலிடப்பட்ட சிறுவனின் காட்சியை அவர் சிலுவையோடு சேர்த்து வாசிக்கும் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. யூதக் குழந்தையின் சாவுக்குக் கிறிஸ்தவ மீட்புக் கதைக்குள் இடம் ஒதுக்க யார் உரிமை தந்தது? யூத வாசகர்கள் எழுப்பிய இந்த எதிர்ப்பு நியாயமானது. டோரத்தே ஸொல்லே இன்னும் கறாராக இருந்தார். துன்பத்தைக் கடவுளின் பயிற்சி என்று போற்றும் பிரசங்கத்தைக் கொடூரம் என்றே பெயரிட்டார். பதினாறு வயதுப் போர்வீரனாகச் செய்தி கொண்டுபோன யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ், திரும்பி வந்தபோது தன் படைப்பிரிவு முழுவதும் பிணமாகக் கிடக்கக் கண்டவர். கடவுளை நோக்கி முறையிடுவதையே ஜெபத்தின் மையமாக்கினார்.

சாவைப் பற்றிய பேச்சில் இரண்டு மரபுகளும் எதிரெதிர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உயிர்த்தெழுதல் கிறிஸ்தவர்களுடையது, யூதர்களுக்கு இவ்வுலகமே போதும் என்பார்கள். இது தவறு என்பதை ஹார்வர்டின் ஜான் லெவன்சன் 2006-இல் ஒரு முழு நூலாகவே நிறுவினார். மாண்டவர் எழுவர் என்ற நம்பிக்கையை யூதர்கள் அன்றாட ஜெபத்தில் சொல்கிறார்கள். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸின் பதின்மூன்று கோட்பாடுகளில் கடைசியும் அதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து லெவன்சன் திருச்சபை வரலாற்றாய்வாளர் கெவின் மடிகனோடு சேர்ந்து இதே பொருளில் இன்னொரு நூல் எழுதினார். கொல்லப்பட்டவனுக்கும் நீதி கிடைத்தாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் அந்த நம்பிக்கையின் வேர் என்றால், யோபுவின் முறையீடு இன்னும் முடியவில்லை.