பெருமிதம் ஒன்று, வாக்கு வேறு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 62 விழுக்காட்டினர் தங்களை ‘ஸ்காட்டிஷ்’ என்று மட்டுமே குறித்தார்கள். ‘பிரிட்டிஷ்’ என்பதை அவர்கள் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் தனிநாட்டுக்கு ‘ஆம்’ என்றவர்கள் 44.7 விழுக்காடுதான். 84.6 விழுக்காடு வாக்கு பதிவானது. வராதவர்கள்மேல் பழிபோடவும் வழியில்லை.

இந்த இடைவெளியைத் தனிநாட்டுத் தரப்பில் பலர் கோழைத்தனம் என்றே படிக்கிறார்கள். பழைய வழக்கம் இது. 1992 தேர்தலில் தோற்றதும், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் ஜிம் சில்லர்ஸ் தம் மக்களைத் ‘தொண்ணூறு நிமிடத் தேசபக்தர்கள்’ என்று சாடினார். கால்பந்தாட்டம் முடிந்ததும் பற்றும் முடிந்துவிடுகிறதாம். மனம் நொந்து சொன்ன சொல். ஆனாலும் தவறான சொல்.

1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது; சட்டத்தை இழக்கவில்லை. திருச்சபை, நீதிமன்றம், கல்விமுறை எல்லாம் அதன் கையிலேயே இருந்தன. இன்றும் மூன்று ஸ்காட்டிஷ் வங்கிகள் தம் பெயரில் பவுண்டு நோட்டு அச்சிடுகின்றன. முந்நூறு ஆண்டுகளாகத் தனியரசு இல்லாமலே குடியிருக்க வீடு கண்ட பெருமிதம் அது. ‘ஸ்காட்டிஷ்தான், ஆனால் பிரிய வேண்டாம்’ என்றவர் அந்த வீட்டில் வளர்ந்தவர். அவருடைய பற்றில் பொய் இல்லை. அதோடு, பவுண்டைப் பொதுநாணயமாக வைத்துக்கொள்வோம் என்று ‘ஆம்’ தரப்பு சொன்னது. அதற்கு இடமில்லை என்று பிரிட்டனின் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2014 பிப்ரவரியில் கையை விரித்தார். தம் ஓய்வூதியம் எந்த நாணயத்தில் வரும் என்று ஒரு முதியவர் கேட்டால், அவருக்குப் பற்றில்லை என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு இன்னும் மோசமானது. ஸ்காட்லாந்துத் தேசியம் குருதியில் ஊறிய குறுகிய வெறி என்று அவர்களில் சிலர் சொன்னார்கள். 2014 வாக்காளர் பட்டியலைப் புரட்டினாலே அது நிற்காது. பிறப்பு, வம்சம் எதையும் அந்தப் பட்டியல் கேட்கவில்லை, குடியிருப்பைத்தான் கேட்டது. கிளாஸ்கோவில் வாழ்ந்த போலந்துத் தொழிலாளிக்கு வாக்கு இருந்தது. தனிநாட்டுக்காகப் பல்லாண்டு குரல்கொடுத்த நடிகர் ஷான் கானரிக்கு இல்லை, அவர் பஹாமாஸில் குடியிருந்தார். பின்னாளில் தேசியக் கட்சியின் முதல்வரான ஹம்சா யூசஃபும், அவரை எதிர்த்து நின்ற தொழிற்கட்சித் தலைவர் அனஸ் சர்வாரும் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், கிளாஸ்கோவில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். தனிநாடு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஸ்காட்டிஷ்தான் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. தேசியத்தின் பெயரால் எத்தனையோ கொடுமை கண்ட உலகில் இதை நான் பெரிய சாதனையாக மதிக்கிறேன்.

இதே தேசியத்தின் ஒரு பகுதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்து இங்கிலாந்தின் காலனி என்ற பேச்சுதான் அது. 1746 கலோடன் போருக்குப் பின் மலைநாட்டு உடைக்குத் தடை வந்தது உண்மை. மலைநாட்டு மக்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டதும் உண்மை. ஆனால் சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும் ஆளுநர் தாமஸ் மன்றோ பிறந்த ஊர் கிளாஸ்கோ. நம் ஊர்களின் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி லூயிஸ் தீவுக்காரர். இலங்கை மலையகத்தில் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. அந்த மலைகளின் தோட்டங்களில் கொழுந்து பறித்து முதுகு வளைந்தவர்கள் தமிழர்கள். பேரரசின் அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் அதிகாரத்தில் இருந்த ஒரு நாடு, நம்மோடு ஒரே வரிசையில் நின்று காலனி என்று சொல்லிக்கொள்வதைத் தமிழ் வாசகர் ஏற்கவேண்டியதில்லை. தம் பங்கை ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பெருமிதம் நேர்மையானதாகும்.

இந்தப் பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தனிநாட்டுத் தரப்பின் கையில் வலுவான வாதம் ஒன்று மிஞ்சுகிறது: எங்களைப் பற்றிய முடிவை எடுப்பது யார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள் என்று 2014இல் ‘இல்லை’ தரப்பு சொன்னது. ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்று 2016இல் பிரிட்டன் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில், ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்தார்கள்; 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட மாறி வாக்களிக்கவில்லை. இருந்தும் வெளியே கொண்டுபோகப்பட்டார்கள். கில்ட்டும் பேக்பைப்பும் இல்லாமலே நிற்கிற வாதம் இது. பெருமிதத்தை முன்னால் நிறுத்தியவர்கள் இதன் கூர்மையை மழுக்கிவிட்டார்கள் என்பது என் குறை.

ஆனால் அதே நிகழ்வு தனிநாட்டுத் தரப்புக்குப் புதிய கடனையும் வைத்தது. பிரிந்த ஸ்காட்லாந்து மீண்டும் ஒன்றியத்தில் சேர்ந்தால், எல்லை ஊரான கிரெட்னாவைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போகும் ஒவ்வொரு சரக்கு லாரியும் ஒன்றியத்தின் எல்லையைக் கடக்கும். நாணயத்துக்கும் இந்த எல்லைக்கும் ஐயம் தீரும்படி பதில் சொல்லாதவரை, ‘இல்லை’ என்றவர்களைக் கடிந்துகொள்ள அவர்களுக்கு உரிமையில்லை.

லண்டனின் தவறு அதைவிடப் பெரியது. பின்னாளில் மீண்டும் அமைக்கப்பட்ட எடின்பரோ நாடாளுமன்றம், லண்டனின் ஒப்புதலின்றி வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒப்புதல் எப்போது கிடைக்கும் என்பதற்கு விதியே இல்லை. வட அயர்லாந்துக்கு விதி உண்டு: ஒன்றிணைந்த அயர்லாந்தைப் பெரும்பான்மையோர் விரும்பக்கூடும் என்று தெரிந்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என 1998 அமைதி ஒப்பந்தம் எழுதிவைத்திருக்கிறது. விருப்பத்தால் சேர்ந்த ஒன்றியம் என்று ஸ்காட்லாந்திடம் சொல்பவர்கள், அதே போன்ற ஒரு வரியை அதற்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.