குழாய்க்குள் விழும் வண்டு எதற்குச் சாட்சி?

ஆரணியும் களம்பூரும் அரிசி ஆலைக்குப் பேர்போனவை. பக்கத்துக் கலசப்பாக்கத்தில் நெல்லோ அரிசியோ வீட்டில் மூட்டையாக நின்றால், மழைக்காலத்தில் ஒரு கேள்வி வந்துவிடும்: வண்டு விழுந்துவிட்டதா, மருந்து வைக்கலாமா? கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறி இதற்கு எவ்வளவு தூரம் விடை சொல்லும்?

2 மி.மீ. துளைகள் கொண்ட குழாய், அடியில் கழற்றக்கூடிய கூம்பு, அவ்வளவுதான். தானியத்துக்குள் செருகி வைத்தால், அங்கே ஊரும் வண்டு காற்றை நாடித் துளைக்குள் நுழைந்து கீழே விழும். மேலேறி வர முடியாது. வாரம் ஒருமுறை கூம்பை வெள்ளைத்தாளில் கவிழ்த்தால், மூக்கு நீண்ட அரிசி வண்டு காலை மடக்கிச் செத்ததுபோலக் கிடக்கும். சற்றுப் பொறுத்தால் நடக்கும். பூச்சி இருப்பதைக் காட்டுவதில், குத்தூசியால் குத்தி எடுக்கும் மாதிரியைவிடப் பொறி 2 முதல் 31 மடங்கு மேல் என்கிறது பல்கலைக்கழகம். இதை ஏற்கிறேன். குத்தூசி ஒருமுறை குத்தி ஒரு பிடி எடுக்கும். பொறி இரவுபகலாக உள்ளேயே இருக்கும்.

25 கிலோ கலனில் 2, 3 பொறி வைத்தால் 10–20 நாளில் 80 விழுக்காட்டுக்கு மேல் பூச்சி நீங்கும் என்பது அடுத்த வாக்கு. இதை அப்படியே ஏற்க முடியவில்லை. அரிசி வண்டின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே ஏறக்குறைய ஒரு மாதம் வளர்கின்றன. பொறி பிடிப்பது நடமாடும் வண்டை மட்டுமே. மணிக்குள் இருப்பது அடுத்த மாதம் வெளிவரும். நெல்லின் மேற்பரப்பில் பறக்கும் அந்துப்பூச்சிக்கும் இது ஏற்ற பொறி அல்ல. குளிரில் நடமாட்டம் குறைவதால், மார்கழியில் கூம்பு காலியாக இருப்பதை வைத்து மூட்டை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பொறி இல்லாவிட்டால் என்ன செய்கிறோம்? நாள் கணக்கு வைத்து மருந்தடிக்கிறோம். அந்த மருந்துகளில் ஒன்றான அலுமினியம் பாஸ்பைடு விடும் பாஸ்பீன் வாயு மனிதனையும் கொல்லும். வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை. கிடங்குகளிலோ, சரியாக மூடாமல் திரும்பத் திரும்ப வாயு விட்டதால் இந்தியாவில் சிவப்பு மாவு வண்டும் தானியத் துளைப்பானும் அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டன. வேண்டாத மருந்தைத் தடுக்கிற கருவி எதுவானாலும் அதற்கு மதிப்பு உண்டு.

என் முடிவு: கண்டறிய இது சிறந்த கருவி, ஒழிக்க இது மட்டும் போதாது. ஒரு வாரத்து எண்ணிக்கையைக் கொண்டு தீர்மானிக்காமல், வாரந்தோறும் மூட்டைமேல் எழுதி வாருங்கள். எண் ஏறினால் ஒரு படி அள்ளிச் சலித்து, ஓட்டை விழுந்த மணியைப் பாருங்கள். நெல்லானால் ஈரம் 14 விழுக்காட்டுக்குள் இறங்க உலர்த்துங்கள். பொறியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மணிக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.