தாடையெலும்பு மட்டுமா உண்மை?

பதிப்பாளர் ட்சுதாயா ஜுசாபுரோவின் வாழ்க்கையை 2025 முழுவதும் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனம் என்.எச்.கே. தொடராக ஒளிபரப்பியது; தோக்கியோ தேசிய அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே வைத்தது. அவர் அச்சிட்டு வெளியிட்ட கபுக்கி நடிகர் படங்களின் ஓவியர் ஷராக்குவுக்கு மறுபடி மவுசு. கூடவே அந்தப் பழைய வாதமும் வந்துவிட்டது: பெண் வேடத்துக்குள் இருக்கும் ஆணை ஷராக்கு ஒளிக்காமல் காட்டினாராம், அதுதான் நேர்மையாம். இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இன்றும் என்னால் ஒப்ப முடியவில்லை.

கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1794-இல் ஒரே வீச்சில் வெளிவந்த 28 பெருந்தலைப் படங்கள், அப்ரகம் மினுங்கும் கரும்பின்னணி, பிசிறில்லாத கோடு. ஆனால் நடிகரின் முகச்சாயலை மரக்கட்டை அச்சுக்குக் கொண்டுவந்த பெருமை அவருடையதன்று. டொரி ஓவிய மரபின் ஒரே அச்சு முகங்களை விட்டு விலகி, ஓவியர்கள் கத்சுகாவா ஷுன்ஷோவும் புன்ச்சோவும் 1770-இலேயே அதை ஒரு நூலாகப் போட்டுவிட்டார்கள்.

என் சண்டை வேறு இடத்தில். ஜப்பானிய நாடகமான கபுக்கியின் மேடையில் பெண்களுக்கு 1629-இல் தடை. 1652-இல் இளைஞர்களுக்கும் தடை. அதன்பின் வந்த ஒன்னகதா, நம் நாடகக்காரர் சொல்லில் ஸ்திரீபார்ட், மழித்த முன்னெற்றியை ஊதாத் துணியால் மூடிக்கொண்டு மேடையேறினார். முகத்தை நம்பி அவர் பிழைத்திருக்க முடியாது. முழங்கால்களைச் சேர்த்து வைக்கும் நடை, தோள்களை இறக்கிக் குறுக்கும் முதுகு, குரலின் இழைவு: இவற்றால்தான் பெண்ணைக் கட்டி எழுப்பினார். வீட்டிலும் பெண்ணாகவே இருந்து பழக வேண்டும் என்றார் ஒன்னகதா நடிகர் யொஷிசாவா அயாமே.

ஷராக்கு செய்தது என்ன? அந்த உடம்பை மார்பளவில் வெட்டினார். யாதொரிகி என்ற பாத்திரமாக நடித்த இரண்டாம் செகாவா டொமிசாபுரோவின் படத்தைப் பாருங்கள். எலும்பு துருத்தும் முகமும் இடுங்கிய கண்ணும் இருக்கின்றன. ஒரு வீரனின் மனைவியாக அவர் எப்படி உட்கார்ந்தார், எப்படித் திரும்பினார் என்பதற்குத் தடயமே இல்லை. ஒப்பனை அறையிலேயே இருந்த தாடை படத்தில் பத்திரமாக இருக்கிறது. திரை விலகிய பிறகு பிறந்தவளைத்தான் காணோம்.

உண்மையை மிகையாக வரையப் போய் ஷராக்கு நிலைக்கவில்லை என்று எழுத்தாளர் ஓதா நன்போ குறித்துவைத்ததை, உண்மையைத் தாங்காத எடோ இரசிகர்களின் கோழைத்தனத்துக்குச் சான்றாக்குகிறார்கள். அதே 1794-இல் ஓவியர் டொயோகுனி நடிகர்களை மேடையில் நிற்கும் கோலத்தில் முழு உருவமாக வரையத் தொடங்கினார். அவர் மரபே பல தலைமுறை ஆண்டது. காசு கொடுத்து நாடகம் பார்த்து, வெளியே வந்து படம் வாங்கியவர்களுக்கா கண் இல்லை?

ஷராக்குவும் சில மாதங்களிலேயே முழு உருவத்துக்கு மாறினார். ஒடுங்கிய தாள்களில் அங்கியின் வீழ்ச்சியும் இடுப்பின் திருப்பமும் தெரிகின்றன. 1795 தொடக்கத்தோடு அவர் ஓவிய உலகிலிருந்து காணாமல் போனார். அந்தப் பிந்தைய படங்களுக்குத் திறனாய்வாளர்கள் வைத்த பெயர் ‘சரிவு’. ஒன்னகதா முழுசாக மேடையில் வந்து நின்றதும் இவர்களுக்குச் சலித்துவிட்டது. இவர்கள் தேடியது அவளை அல்லவே.