வலிக்குச் சொல் இருக்கிறது

நோயைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் போதவில்லை என்று 1926இல் ஒரு கட்டுரையில் குறைப்பட்டார் வர்ஜீனியா வுல்ஃப். வலி மொழியையே அழித்துவிடுகிறது என்று 1985இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார் எலெய்ன் ஸ்கேரி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்து ஓய்ந்த பெண்களின் பேச்சைக் கேட்கும்போது இக்கருத்துகளை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. நாளெல்லாம் சரிவில் நின்ற காலுக்குக் கடுப்பு. பனிக்காலத்து முழங்காலுக்குக் குடைச்சல். விரல்களில் மதமதப்பு. குனிந்து நிமிர்ந்தால் இடுப்பில் சுருக்கென்று ஒரு பிடிப்பு. ஒவ்வொன்றும் வேறு வலி. சொல்லுக்குப் பஞ்சமில்லை, கேட்கும் காதுக்குத்தான் பஞ்சம்.

தோட்ட வாழ்வை எழுதிய இலக்கியமாவது கேட்டதா? ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. காய்ச்சலிலும் கொடுமையிலும் இளம் வயதிலேயே மாண்டவர்களுக்கான சாட்சியம் அது. அதன் தேவையை மறுக்கவே முடியாது. ஆனால் சாவைத் தப்பி அறுபதைத் தொட்ட பெண்ணின் முழங்கால் இன்னும் நம் கதைப்பொருளாகவில்லை. திடீர்ச் சாவில் கதை இருக்கிறது. தினமும் வரும் வலியில் கதை இல்லை என்று நினைத்துவிட்டோம்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அதை முற்றிலும் போக்குவது அரிது, நாமே கையாளப் பழக வேண்டும் என்கிறது. வேலையைப் பிரித்துச் செய்யுங்கள், வலி ஏறுமுன் உட்காருங்கள், மெல்ல நடங்கள், ஒத்தடம் கொடுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் தன் நேரம் தன் கையில் இருப்பவளை நோக்கி எழுதப்பட்ட பிரதி இது. எடை போடும் நேரத்தை வைத்தே உட்கார்ந்து எழுந்தவளுக்கு ‘வலி ஏறுமுன்’ என்றொரு பொழுது இருந்ததில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் வேலையோடு சேர்த்துக் கட்டியது. வேலை முடிந்தால் லைன் வீடும் கைவிட்டுப் போகக்கூடும். வலி மட்டும் அவளோடு போகும். நாடெங்கும் மூட்டுக்குப் பூசும் தைலத்துக்கு இந்த மலையின் பெயர். அதைப் பூசிக்கொண்டு அவள் விறகுக்கும் தண்ணீருக்கும் பேரப்பிள்ளைக்குமாக எழுந்துவிடுகிறாள்.

இதைப் ‘பொறுமை’ என்று புகழ்வதை நம் விமர்சனம் முதலில் நிறுத்த வேண்டும். எந்த வேலையை எப்போது விடுவது, எதைப் பேத்தியிடம் கொடுப்பது, எந்த வலிக்கு எந்தச் சூடு என்பதெல்லாம் கணக்கு, அறிவு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கலையை அவளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. உட்கார ஒரு திண்ணையும், ஓய்வூதியமும், ‘எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது?’ என்று கேட்கப் பொறுமையுள்ள ஒரு மருத்துவரும்தான் வேண்டும். பொறுமை அந்தப் பக்கமும் கொஞ்சம் இருக்கட்டும்.