தேய்மானம்

வீட்டு வீடியோ சாதனங்களின் விலை இறங்கி வந்த கதையை இரண்டு தொனிகளில் சொல்கிறார்கள். ஒன்று கொண்டாட்டம்: சிலரிடம் மட்டும் இருந்தது எல்லோருக்கும் வந்தது. மற்றது முணுமுணுப்பு: பீட்டாமாக்ஸ் என்ற நல்லது தோற்றது, விஎச்எஸ் என்ற மட்டமானது ஜெயித்தது. முதலாமவர் விலைச்சீட்டைச் சரித்திரம் என்று வாசிக்கிறார். இரண்டாமவர் கடைக்காரரின் தரப்பட்டியலை அழகியல் என்று வாசிக்கிறார். இருவரும் நிற்பது கடைக்குள்தான். மலிவு நமது ஞாபகத்தை என்ன செய்தது என்ற கேள்வி இவர்களிடம் எழுவதில்லை. விமர்சனத்துக்கு முக்கியமான கேள்வி அது ஒன்றுதான்.

முதலில், விலை உச்சத்தில் இருந்தபோது நடந்தது என்ன? 1956இல் ஆம்பெக்ஸ் கம்பெனி டெலிவிஷன் நிலையங்களுக்கான வீடியோ டேப் பதிவுப் பொறியை வெளியிட்டது. அதன் விலை 50,000 டாலரை ஒட்டி இருந்தது. இரண்டு அங்குல அகல டேப் அதற்குத் தேவை. ஒரு மணி நேரச் சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 டாலர். ஆகவே நிலையங்கள் டேப்பைச் சிலேட்டுப் பலகை போல உபயோகித்தன. எழுதினார்கள், ஒளிபரப்பினார்கள், அழித்து மறுபடி எழுதினார்கள். 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பௌல் ஆட்டத்தை இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்கள் ஒளிபரப்பின. இரண்டும் தம் பதிவுகளைக் காப்பாற்றவில்லை. பிற்பாடு ஒரு தனிமனிதர் எடுத்து வைத்திருந்த பிரதிதான் அகப்பட்டது. பிபிசி தனது 'டாக்டர் ஹூ' தொடரின் அறுபதுகளைச் சேர்ந்த பல பகுதிகளை அழித்துவிட்டது. அழிப்பதற்கு வன்மம் எதுவும் தேவைப்படவில்லை. வரவு செலவுக் கணக்கு போதுமானதாக இருந்தது.

ஆனால் இங்கே ஒரு வினோதம். காணாமற்போன அந்தப் பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று இருக்கிறது. பார்வையாளர்கள் சிலர் தம் வீட்டு டேப் ரிக்கார்டரை டெலிவிஷன் முன்னால் வைத்துப் பதிவுசெய்திருந்தார்கள். விலையுயர்ந்த பொறி படத்தைத் தொலைத்தது. மலிவான பொறி குரலைக் காப்பாற்றியது. மலிவைக் கொண்டாடுபவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தச் சாட்சியத்தை நான் மறுக்கவில்லை. அது எவ்வளவு தூரம் செல்லும் என்றுதான் பார்க்க வேண்டும்.

1975இல் பிரெஞ்சு விமர்சகர் ரேமோன் பெல்லூர் ஒரு கட்டுரை எழுதினார். இலக்கிய விமர்சகன் கவிதையின் வரியை எடுத்துத் தன் பக்கத்தில் வைக்கலாம். சினிமா விமர்சகனால் அது முடியாது. அசையும் படத்தை எழுத்தில் மேற்கோள் காட்ட வழியில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அதே 1975இல்தான் சோனி பீட்டாமாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் டெலிவிஷனோடு சேர்ந்த அந்த முதல் பெட்டியின் விலை 2,495 டாலர். மேற்கோள் காட்ட முடியாது என்ற துக்கமும், திருப்பிப் போட்டுப் பார்க்கும் வசதியும் ஒரே வருஷத்தில் பிறந்தன.

ஆனால் அந்தக் காஸெட்டில் ஒரு மணி நேரமே பதியும். ஒரு முழுநீளப் படம் அதற்குள் அடங்காது. 1976இல் ஜேவிசி ஜப்பானில் வெளியிட்ட விஎச்எஸ் காஸெட் இரண்டு மணி நேரம் ஓடியது. 1977இல் ஆர்சிஏ அமெரிக்காவில் அதையே சுமார் 1,000 டாலருக்கு, நான்கு மணி நேரம் பதியும்படி விற்றது. பீட்டாமாக்ஸ் பிறகு நேரத்தை நீட்டிக்கொண்டது. ஆனால் அதற்குள் ஆட்டம் கை மாறியிருந்தது. 1988இல் சோனியே விஎச்எஸ் பொறிகளைச் செய்ய ஆரம்பித்தது. மட்டமானது ஜெயித்தது என்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். மக்கள் படத்தின் கூர்மையை வாங்கவில்லை. ஒரு கதை தொடங்கி முடியும் கால அளவை வாங்கினார்கள். அது ரசனைக் குறைவு அல்ல. வடிவம் பற்றிய, அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தீர்ப்பு.

நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஃபிலிம் சொஸைட்டித் திரையிடலில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது மனசில் ஓட்டி, மறுவாரம் எழுதிய கட்டுரைகளில் வளர்ந்தது நமது சினிமா விமர்சனம். அவற்றில் காட்சிகள் இடம் மாறியிருக்கும். இல்லாத வசனங்கள் இருக்கும். காஸெட் வந்தபின் தகவல் பிழைகள் குறைந்தன. கூடவே, படம் தன்னை என்ன செய்தது என்று சொல்லும் பொறுப்பும் குறைந்தது. ரீவைண்ட் செய்து பார்த்தவர் எல்லாவற்றையும் விவரித்தார், ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. குற்றம் பொறியின் மேல் இல்லை. ஞாபகத்தின் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடான வேறு வேலையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

தேர்ந்தெடுக்காமல் காப்பாற்றுவது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவின் மேரியன் ஸ்டோக்ஸ் ஒரு பெரிய உதாரணம். நூலகராக இருந்தவர். 1979 முதல் 2012 டிசம்பரில் இறக்கும்வரை, பல பொறிகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, டெலிவிஷன் செய்திகளை இரவும் பகலும் பதிவுசெய்தார். பீட்டாமாக்ஸிலும் விஎச்எஸ்ஸிலுமாக ஏறத்தாழ 70,000 டேப்புகள். காஸெட் மாற்றும் நேரத்தை அனுசரித்தே குடும்பத்தின் நாள் நகர்ந்தது. ஒளிபரப்பியவர்கள் தம் வார்த்தைகளைக் காப்பாற்ற மாட்டார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார், சரியான சந்தேகம். அந்தக் காஸெட்டுகள் பின்னர் இன்டர்நெட் ஆர்கைவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஒரு கணக்கு. ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், தூங்காமல் பார்த்து முடிக்க 48 வருஷம் ஆகும். பதிவு செய்பவர் தவிர்த்த தேர்வு பின்னால் வருகிறவர் தலையில் விடிகிறது. தேர்வைத் தள்ளிப்போடலாம், ரத்து செய்ய முடியாது.

தள்ளிப்போடவும் காலம் இல்லை என்பதுதான் மோசமான செய்தி. சோனி பீட்டாமாக்ஸ் பொறிகளை 2002இலும் காஸெட்டுகளை 2016 மார்ச்சிலும் நிறுத்தியது. அதே 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் விஎச்எஸ் பொறி உற்பத்தியை நிறுத்தியது. டேப்பில் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சும். சில ரகங்கள் பிசுபிசுத்துப்போய், மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே ஓடும். பொறியின் தலைகளோ தேய்கிறவை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாக்களில் இருப்பவற்றை மாற்றிக்கொள்ள 2025ஐக் கெடுவாக 2015லேயே அறிவித்தது. அந்தக் கெடு கடந்துவிட்டது.

நமக்கு அழிவு புதிதல்ல. ஏடுகளைச் செல்லரித்தது, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோம். ஆனாலும் ஒரு வித்தியாசம். ஏட்டைப் படிக்க எழுத்தும் கண்ணும் போதும். பெயர்த்து எழுதியவன் படித்துக்கொண்டே எழுதினான். காஸெட்டில் எழுத்து என்பதே ஒரு கம்பெனி செய்து விற்கும் பொறி. அது தன் லாபத்துக்காகச் செய்வதை நிறுத்தும் நாளில், ஓலை நன்றாக இருக்கும்போதே லிபி செத்துவிடுகிறது.

நான் வேலை செய்யும் இடத்தில் தேய்மானம் என்று ஒன்றுண்டு. வருஷா வருஷம் பொருளின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு ரூபாய் என்று பேரேட்டில் நிறுத்தி வைப்போம். பொருள் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அந்த ஒரு ரூபாய். சந்தைக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. 2007 நவம்பரில் அமெரிக்காவில் டோஷிபாவின் எச்டி டிவிடி பொறி ஒன்று திடீரென்று 98.87 டாலருக்கு விற்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் டோஷிபா அந்த வடிவத்தையே கைவிட்டது, ப்ளூ-ரே ஜெயித்தது. மலிவு அங்கே எல்லோருக்கும் திறந்த கதவு அல்ல; கடையைக் கட்டுவதற்கு முந்தைய தள்ளுபடி.

இப்போது பொறியே வேண்டாம், சந்தா போதும் என்கிறார்கள். வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சோனிக்குச் சாதகமாகச் சொன்னது. அந்த ஒரு வாக்கில் கிடைத்த உரிமை, பதிய எதுவும் கைக்கு வராத இந்த ஏற்பாட்டில் அர்த்தமற்றுப்போகிறது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. புது ஒப்பந்தத்தால் அந்த முடிவு மாறியது. ஆனால் வாங்கியவர் எதை வாங்கினார் என்பது அன்று தெளிவாகிவிட்டது.

நமது முதல் பேசும்படமான காளிதாஸின் (1931) பிரதி இன்று இல்லை. அதற்காக யாரையாவது குறை சொல்வது சுலபம். நம்மில் பலர் வீட்டுப் பரணில், நவீன நாடக ஒத்திகைகளும் கூட்டங்களும், இறந்துபோன எழுத்தாளர்களின் குரலும் முகமும் பதிந்த விஎச்எஸ் காஸெட்டுகள், கல்யாண வீடியோக்களுக்கு நடுவில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லை, பொறிகளும் இல்லை. ஆகவே எதை முதலில் மாற்றுவது என்ற கேள்வி வருகிறது. இது டெக்னீஷியனிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. நாம் இத்தனை காலம் விமர்சனம் என்ற பெயரில் செய்துவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் காரியம் இதுதான். ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பவற்றில் பத்துக்கு மட்டும் பெயர் கொடுத்து, ஏன் என்று ஒரு பக்கம் எழுதட்டும். பட்டியல்களைப் பற்றிச் சண்டை வரும். வரட்டும். காஸெட் பரணில் கிடந்த வருஷங்களில் அந்தச் சண்டை நடக்கவே இல்லை.