விடுபட்ட சொல்: வீடு, எல்லை, தறி

1

2020 மார்ச் கடைசியில் தமிழக அரசு மூன்று சொற்களை ஊர் முழுக்க ஒட்டியது: ‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு’. கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் சாவுக் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இந்தச் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். அரசின் முழக்கமும் ஒரு பிரதிதான். எந்தப் பிரதிக்கும் அது மனதில் வைத்திருக்கிற வாசகன் ஒருவன் உண்டு. அவன் யார், யார் அதில் இல்லை என்று கேட்பது விமர்சனத்தின் வேலை.

முழக்கத்தின் தாளம் நமக்குப் பழகியது. வள்ளலார் பெயரால் வழங்கும் உபதேசம் தனித்திருத்தல், விழித்திருத்தல், பசித்திருத்தல் என்று மூன்றைச் சொல்லும். அரசின் முழக்கத்தில் விழிப்பு அப்படியே நின்றது, தனிமை விலகலாயிற்று, பசி இருந்த இடத்தில் வீடு வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதியவர் இதை யோசித்துச் செய்திருக்க வேண்டியதில்லை. பிரதியை வாசிக்க ஆசிரியனின் நோக்கம் நமக்கு அவசியமும் இல்லை. விடுபட்ட அந்தச் சொல்தான் அந்த வருஷம் முழுக்க சந்தவாசல், கண்ணமங்கலம், ஆரணிப் பக்கத்து நெசவுத் தெருக்களில் நடமாடியது.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். கிருமி கட்டுக்கதை என்று வாதாட நான் வரவில்லை. ஜார்ஜியோ அகம்பென் 2020 பிப்ரவரி கடைசியில், நோயை முன்னிட்டு அவசரநிலையை நிரந்தரமாக்குகிறார்கள் என்று எழுதினார். அவருடைய பழைய நண்பர் ழான்-லுக் நான்சியே அதை மறுத்தார். அடுத்த மாதம் இத்தாலியின் பெர்காமோவிலிருந்து சவப்பெட்டிகள் ராணுவ வண்டிகளில் போனதைப் பார்த்தோம். தொற்று உண்மை, விலகியிருக்க வேண்டியிருந்ததும் உண்மை. என் கேள்வி, அந்த விலகல் யாருடைய வீட்டை அளவாக வைத்துத் தைக்கப்பட்டது என்பது.

2

‘வீட்டிலிரு’ என்று சொல்வதற்கு வீடு வேறு, வேலையிடம் வேறு என்ற அனுமானம் வேண்டும். காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறவனைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்ல முடியும். கூலிக்குப் பட்டு நெய்கிறவர் வீட்டில் இந்தப் பிரிவினை கிடையாது. நடுவீட்டில் தறிக்குழி. அதில் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஊடைக்குத் தார் சுற்றுவது வீட்டுப் பெண்களும் வயதானவர்களும். தறிக்குப் பக்கத்தில் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் பாய். கோர்வைச் சேலை என்றால் கூடவே ஒரு துணையாள் உட்கார வேண்டும். தறியின் அகலமே நாலடி சொச்சம். ஆறடி இடைவெளியை அங்கே எந்தப் பக்கம் விடுவது? நோய் வந்தவருக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று வீட்டுத் தனிமைக்கு விதி போட்டார்கள். இப்படியொரு வீட்டை அந்த விதி பார்த்ததே இல்லை.

ஃபூக்கோ 1975இல் வந்த தண்டனை பற்றிய நூலில் இரண்டு மாதிரிகளைப் பிரித்துக் காட்டுகிறார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே துரத்துவது ஒன்று. கொள்ளைநோய் கண்ட நகரத்தைத் தெருத்தெருவாக, வீடுவீடாகக் கட்டம் கட்டி, ஒவ்வொரு உடலையும் அதன் இடத்தில் நிறுத்திக் கண்காணிப்பது இன்னொன்று. ஐரோப்பிய வரலாற்றில் இவை வெவ்வேறு. நம் ஊரில் இரண்டும் ஒரே வரைபடத்தில் கிடக்கின்றன. ஊர் என்றும் சேரி என்றும் முதலிலேயே கட்டம் போட்டு வைத்த நிலத்தின் மேல்தான் 2020இன் கட்டங்களும் விழுந்தன. ‘ஊரடங்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடங்குவது ஊர். சேரி அந்தச் சொல்லிலேயே இல்லை. ‘சமூக விலகல்’ என்று முதலில் மொழிபெயர்த்தபோது பலர் திடுக்கிட்டு, ‘தனிமனித இடைவெளி’ என்று திருத்தியதற்கும் காரணம் இருக்கிறது. விலக்கிவைத்தல் என்பது நமக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்த செயல் அல்ல.

3

வீட்டைவிட்டு நகராத நெசவாளருடைய நூல் மட்டும் மாநிலங்களைத் தாண்டி வருகிறது. ராமநகரம் சந்தையில் கூடு விலைபோகிறது. கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வருகிறது. சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. நெய்த சேலை காஞ்சிபுரம் போகும், சென்னை போகும். ஆரணிப் பக்கம் நெய்தது காஞ்சிப் பட்டு என்ற பெயரில் கடையேறுவது தறிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வந்தால்தான் கூலி. இந்தத் தொடரில் எங்கே கயிறு கட்டினாலும் தறி நின்றுவிடும்.

மார்ச் முடிவதற்குள் எல்லாச் சரக்குகளும் போகலாம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. காகிதத்தில் நூலுக்குத் தடை இல்லை. ஆனால் நூல் கடை திறக்காது, ஜவுளிக் கடை திறக்காது, சித்திரை வைகாசி முகூர்த்தங்கள் ஐம்பது பேருக்குள் சுருங்கிவிட்டன. ‘அத்தியாவசியப் பொருள்’ என்ற பிரிவில் பட்டு வராது. வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அது சரி, பட்டுச் சேலை இல்லாமல் யாரும் செத்துப்போக மாட்டார்கள். நெய்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் அந்தச் சேலைதான் அரிசி. நூல் வரலை, முதலாளி போன் எடுக்கலை, தறி சும்மா கிடக்கு - இதுதான் அப்போது தெருவில் கேட்ட பேச்சு. ரேஷனில் கிடைத்த அரிசியும் 1000 ரூபாயும் எத்தனை நாளைக்கு? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5000 ரூபாய்க்கும் கீழே. சேமிப்பு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

பிறகு எல்லை உள்ளே வந்தது. ஜூன் 1 முதல் மாநிலத்தை 8 மண்டலங்களாகப் பிரித்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் ஒரு மண்டலம், காஞ்சிபுரம் வேறு மண்டலம். நெய்கிற ஊரும் விற்கிற ஊரும் தனித்தனியாயின. ஜூன் கடைசியில் மாவட்ட எல்லைகளே வேலிகளாயின. கண்ணமங்கலத்தைத் தாண்டி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக இ-பாஸ் வேண்டும். சாவுக்குப் பாஸ் உண்டு, கல்யாணத்துக்குப் பாஸ் உண்டு. கல்யாணச் சேலையை நெய்தவன் கூலிபாக்கி வாங்கப் போவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. செப்டம்பர் 1 வரை இப்படி ஓடியது.

4

எல்லைகளின் உச்சமான வடிவம் ஏப்ரல் கடைசியில் எழுந்தது. குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னைப் பக்கத்திலும், ஆந்திரத்துக்குப் போகும் வழியை மறித்து வேலூர் மாவட்ட நிர்வாகம் ஹாலோ பிளாக் வைத்துச் சுவரே கட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் இடித்தார்கள். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காட்டின் தலைநகர். ஒரே மாவட்டமாக இருந்த மண்ணின் நடுவே 5 அடிச் சுவர்.

இந்த வேலையைச் செய்ய யாருக்கு உரிமை? அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 81ஆவது இனம் மாநிலங்களுக்கிடையிலான குடிபெயர்வையும் மாநிலங்களுக்கிடையிலான தொற்றுத்தடுப்புக் காவலையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்ததே யோசிக்க வேண்டியது: இடம்பெயரும் மனிதனும் தொற்றும் சட்டத்தின் கண்ணில் பக்கத்துப் பக்கத்து விஷயங்கள். மாநில சுயாட்சி பேசுகிறவர்களுக்கு இது சங்கடமான இடம். மாநிலங்கள் தம் எல்லைகளைத் தாமே மூடிக்கொண்டபோது அதிகாரம் பரவலாகவில்லை. கதவைச் சாத்துகிற கை மட்டும் மாறியது. மார்ச்சில் கர்நாடகம் மண்ணைக் கொட்டிச் சாலைகளை அடைத்ததால் காசர்கோட்டு நோயாளிகள் மங்களூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போக முடியாமல் செத்தார்கள். அடைப்பை நீக்கும்படி ஏப்ரல் 1 அன்று கேரள உயர்நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டிவந்தது.

இவ்வளவுக்கும் பின்னால் நின்ற சட்டங்களில் ஒன்று 1897இன் தொற்றுநோய்கள் சட்டம். பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் எழுதிய நாலே பிரிவுகள். அதிகாரிக்கு அதிகாரம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரியின் மேல் வழக்கில்லை. 2020இல் அதைத் திருத்தினார்கள், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனை சேர்த்தார்கள். அது வேண்டியதுதான். அடைக்கப்பட்டவர் என்ன சாப்பிடுவார் என்பதற்கு ஒரு வரிகூடச் சேரவில்லை.

சுவர் சில நாட்களில் இடிந்தது என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு உத்தப்புரத்தை ஞாபகப்படுத்துவேன். தலித்துகளை மறித்து நின்ற அந்தச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடிப்பதற்கு ஏறத்தாழ இருபது வருஷம் ஆயிற்று. மாநிலங்களுக்கிடையே நின்ற சுவர் அரசுக்கு உடனே உறுத்தியது. ஊருக்குள் நின்ற சுவர் உறுத்தவில்லை.

5

தனிமைப்படுத்தல் எப்போதும் அடைப்பதற்கு மட்டும் இருந்ததில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி, சோதித்து, அம்மை குத்தி, பிறகே தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். முகாம் இந்திய மண்ணில்; நடத்தியது இலங்கை அரசு. உழைக்கும் உடலைக் கிருமி நீக்கிய சரக்காக எல்லை தாண்ட வைக்கிற ஏற்பாடு அது. 1983க்குப் பிறகு அதே மண்டபம் ஈழ அகதிகளின் முகாமாயிற்று. 2020இல் கணக்குத் தலைகீழானது: சரக்கு போகலாம், உடல் போகக் கூடாது. நடந்தே ஊர் திரும்பியவர்களில் 16 பேர் மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் தூங்கும்போது ரயிலேறிச் செத்தார்கள். அடைப்பானாலும் அனுப்பலானாலும், எல்லை உழைப்பின் தேவையை ஒட்டித்தான் திறந்து மூடுகிறது.

6

நம் இலக்கியம் இதை எப்படி எதிர்கொண்டது? அந்த மாதங்களில் வந்து குவிந்த கொரோனாக் கவிதைகளில் பெரும்பகுதியை ஜன்னல் கவிதைகள் என்று சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே பறவை, தூய்மையான வானம், தெருவின் நிசப்தம், தன்னைத் தானே சந்தித்த கவிஞர். அரசின் பிரதியில் இருந்த அதே வீடு, அதே வாசகன். நிசப்தத்தை அழகு என்று எழுதியவர் நெசவுத் தெருவில் ஒரு நாள் நின்றதில்லை. அங்கே சத்தம் நின்றால் சோறு நின்றுவிட்டது என்று அர்த்தம். நடந்துபோனவர்களைப் பற்றியும் எழுதினார்கள், இரக்கத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்து, யார் கண்ணிலும் படாமல் பட்டினி கிடந்தவர் அந்த இரக்கத்துக்கும் அகப்படவில்லை. நடக்கிறவன் படத்தில் விழுவான். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவன் விழமாட்டான்.

அவன் கண்ணில் படாததன் விலை கையோடு தெரிந்தது. 2020 ஜூலை 27 அன்று மத்திய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. பதினோரு நாள் கழித்து ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினம். வாழ்த்துகள் வழக்கம்போல வந்தன. நெசவாளர் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேச தில்லியில் இருந்த ஒரே நாற்காலியை, எல்லாரும் வீட்டுக்குள் இருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள். வாரியம் பெரிதாகச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. அதைக் கலைக்கும்போது கேட்க ஆளில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த கொள்ளைநோய் வரும், ஆணைகளும் வரும். அவற்றை எழுதப்போகிறவர்கள் நம்மைக் கேட்க மாட்டார்கள். ஆனால் அவற்றின் சொற்கள் நம் மொழியில்தான் வந்தாக வேண்டும். ‘வீடு’, ‘அத்தியாவசியம்’, ‘எல்லை’ ஆகிய சொற்களுக்குத் தறிக்காரர், பீடி சுற்றுபவர், செங்கல் அறுப்பவர் தருகிற அர்த்தத்தை இப்போதே எழுதி வைக்க வேண்டும். அந்த வருஷத்தின் கூலிக் கணக்கு, நின்றுபோன பாவுகளின் கணக்கு, வாங்கிய வட்டிக் கடன் இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. அவற்றை வீடுவீடாகப் போய்க் கேட்டுப் பதிவு செய்யும் வேலை, விமர்சகர்களாகிய நமக்கும் சங்கங்களில் இருக்கும் தோழர்களுக்கும் பொதுவானது. கவிதை அதற்குப் பிறகு வரட்டும்.